நேசமலர் ஊத்தின இலைத் தேத்தண்ணி

உருத்திரபுரத்தில் நேசமலரின் தேத்தண்ணி குடிக்காத ஆள் என்று ஒருவர் இருந்தால், அவர் ஊருக்குப் புதிதாக வந்தவராக இருக்கவேணும், இல்லாட்டி அவளோடு கோபக்காரராக இருக்கவேணும். வயலில் களை பிடுங்க ஆள் இறங்கினால் பத்து மணிக்குக் கேத்திலோடு வரம்பில் நிற்பாள். கறுத்தச் சாயம். கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. தட்டின கரண்டி இல்லை, கும்பம் வைத்த கரண்டி. "இது தேத்தண்ணியோ, சீனிப் பாணியோ?" என்று நக்கலடித்தவர்களும் உண்டு. நக்கலடித்துக்கொண்டே இரண்டாம் கோப்பைக்குக் கையை நீட்டுவார்கள்.

ஒன்பது வயதில் அடுப்படிக்குப் போனவள். இப்போது ஐம்பத்தாறு. தவராசாவைக் கட்டின நாள் தொடக்கம் அந்த மனுசனுக்கு நாளுக்கு எட்டுக் கோப்பை ஊற்றியிருக்கிறாள். சண்டைக் காலத்தில் ஒரு பிடி சீனி கண்ணில் காண ஏலாமல் இருந்தபோதும், பங்கருக்குள் குந்திக்கொண்டு, "நேசம், எங்கயும் ஒரு கரண்டி சீனி கிடைக்குமோ பார்" என்று கேட்ட ஆள் அவர். மேலால் செல் கூவிக்கொண்டு போகிறது, இவருக்குச் சீனி. அந்தக் கோபம் அவளுக்குக் கனகாலம் இருந்தது. பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப் பழகிவிட்டாள்.

முள்ளிவாய்க்கால் கடந்து, இரண்டு காலும் முழுசாக வந்தவர் தவராசா. வன்னியில் இதை எல்லாரும் சொல்ல ஏலாது. பக்கத்து வளவு நல்லதம்பிக்கு மாத்தளனில் இடது கால் போனது. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் கால் போட்டுத்தான் நடக்கிறார். தவராசா மூன்று ஏக்கர் வயலையும் தன் காலால்தான் செய்தார். உழவுக்கு மெசின் வரும், வெட்டுக்கும் மெசின் வரும். வரம்பு கட்ட, தண்ணி திருப்ப, சேற்றில் இறங்கி நாற்றைப் பார்க்க மெசின் வராது. அதற்குக் கால் வேணும். ஆண்பிள்ளை இல்லாத வீடு. ஒரே மகள் யதுர்ஷிகா கொழும்பில் ஒரு கப்பல் கந்தோரில் வேலை.

போன வருசம் அவருடைய வலது பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. ஆற இரண்டு மாதம் எடுத்தது. கிளினிக்கில் இரத்தம் பார்த்த டொக்டர், கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ஐயா, சீனி வருத்தம் நல்லா முத்திப்போச்சு. இந்த முறை தப்பியிட்டியள். இன்னொரு காயம் வந்து ஆறாட்டிக் காலைத்தான் எடுக்கவேண்டி வரும். சீனியை இண்டையோட விடுங்கோ."

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டு தவராசா சிரித்தார். "செல்லுக்குப் போகாத கால், தேத்தண்ணிக்குப் போகப்போகுதாம்."

நேசமலர் சிரிக்கவில்லை. அண்டைக்கே சீனி ரின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மனுசன் நேரே நல்லதம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வேலிக்கு இங்கால் நின்ற நேசமலருக்கு எல்லாம் கேட்டது.

"வா மச்சான், வா. இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக் குடி. எங்கட சங்கத்தில ஆள் காணாது." நல்லதம்பி தன் பிளாஸ்டிக் காலில் விரல் மொழியால் தட்டினார். டொக், டொக்.

நேசமலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "நல்லதம்பியண்ணை, இவருக்கு இனிச் சீனி போட்டுக் குடுத்தியளெண்டால் நான் உங்கட வீட்டு முத்தம் மிதிக்க மாட்டன்."

நல்லதம்பி கோப்பையைத் தவராசாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கி நிலத்தில் ஊற்றினார். "பகிடிக்குத்தான் சொன்னனான், மலர். இந்த வாழ்க்கை என்ர எதிரிக்கும் வேண்டாம்."

தவராசா சீனியில்லாமல் தூள் தேத்தண்ணி குடிக்கப் பார்த்தார். வேப்பம்பட்டை அவித்த மாதிரி இருக்கு என்று முற்றத்தில் துப்பினார். இதை நேசமலர் மகளுக்குப் போனில் சொல்லி அழுதாள். இரண்டு நாளில் இரவு பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. திறந்து பார்த்தால் கறுப்பாக, முறுகி, நீட்டு நீட்டாக ஏதோ சருகு.

"பிள்ளையை ஏமாத்திப்போட்டாங்கள்" என்றாள் நேசமலர். "அரைக்காமல் அப்பிடியே வித்திருக்கிறாங்கள்."

அவளில் பிழை இல்லை. ஊரெல்லாம் தேயிலை என்றால் தூள்தான். இலையாக ஒரு தேயிலை இருக்கிறது, அதை இலையாகவே போட்டுக் குடிப்பார்கள் என்று அவளுக்கு ஆர் சொன்னது? ஒரு பிடி அள்ளி உரலில் போட்டு இடித்தாள். வழமைபோலக் கேத்திலில் போட்டு, கொதிக்கக் கொதிக்க அவித்து, சீலையில் வடித்துக் கொடுத்தாள். தவராசா ஒரு வாய் வைத்துவிட்டு எழும்பிப் போனார். கிணற்றடியில் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

பின்னேரம் மகள் வீடியோவில் வந்தாள். நேசமலர் போனைத் தண்ணிக்குடத்தில் சாய்த்து வைத்தாள்.

"ஐயோ அம்மா, அதை ஏன் இடிச்சனீங்கள்? இலை இலையாத்தான் போடோணும். தண்ணி கொதிச்சவுடன ஊத்தாதேங்கோ, கொஞ்சம் அடங்க விடுங்கோ."

"அடங்கின தண்ணியில தேத்தண்ணியோ? செத்தவீட்டிலயும் அப்பிடிக் குடுக்க மாட்டினம்."

"ஆற விடச் சொல்லேல்லை, அம்மா. கொதி நிண்டால் காணும். ஒரு கோப்பைக்கு ஒரு கரண்டி இலை. மேலால ஊத்தி, மூடிவைச்சு, மூண்டு நிமிசம். கரண்டியால கிண்டக் கூடாது. எங்கட கந்தோரில பெரியவர் இப்பிடித்தான் குடிக்கிறவர். சீனியே தேவையில்லையாம்."

குசினியில் மணிக்கூடு இல்லை. ஒரு தேவாரம் இழுத்துப் படித்து முடிக்க மூன்று நிமிசம் போகும் என்று நேசமலருக்குத் தெரியும். கண்ணாடிச் சாடிக்குள் இலையைப் போட்டு, தண்ணியை ஊற்றி, தட்டால் மூடி, நின்றபடியே ஒரு தேவாரம் படித்தாள். படித்து முடித்துத் தட்டைத் திறந்தால் தேன் நிறத்தில் ஒரு தண்ணி. முறுகிக் கிடந்த இலையெல்லாம் விரிந்து அடியில் படுத்துக் கிடந்தது.

"உதென்ன, மாட்டு மூத்திரம் மாதிரி" என்றார் தவராசா. குடித்தார். முகம் சுழிக்கவில்லை. "கசப்பில்லை. ஆனால் வாய்க்கு ஒண்டும் காணேல்லை, நேசம். குடிச்சனோ குடிக்கேல்லையோ எண்டு வயித்துக்குத் தெரியாது."

மூன்று நாள் அப்படிப் போனது. நாலாம் நாள் வேண்டாம் என்று கோப்பையைத் தள்ளிவைத்தார். சந்திக்கடைக்குப் போகிறேன் என்று சட்டையைப் போட்டார். சந்திக்கடையில் கோப்பைக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். காலடியில் குந்தியிருந்து கெஞ்சாத குறை.

அந்த நேரத்தில்தான் பின்வளவுக் கமலாட்சி வந்தாள்.

"ஏனக்கா இந்தக் கரைச்சல்? கடிச்சுக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டியைக் குடுங்கோவன்."

"இனிப்பெல்லோ?"

"சீனிதானே கூடாது எண்டவை? பனங்கட்டி மருந்தெல்லோ. மருந்துக்குப் பனங்கட்டிதானே சேக்கிறது. என்ர அம்மா சீனி வருத்தத்தோட எண்பது வயசு மட்டும் இருந்தவா. பனங்கட்டி கடிக்காமல் ஒரு தேத்தண்ணி குடிச்சிருப்பாவோ?"

நேசமலருக்கு இது புதுக் கதை இல்லை. சீனி மில்லில் செய்கிறது, அதில் மருந்து மாயம் கலந்திருக்கும். பனங்கட்டி பனையில் இருந்து வாறது, அது உடம்புக்குக் குளிர்ச்சி. இதைச் சொல்லாத வீடு வன்னியில் இல்லை. அவளும் சொன்னவள்தான். பளையில் ஒரு வீட்டில் காய்ச்சுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய், ஓலைக் குட்டானில் கட்டின பனங்கட்டி பத்து வாங்கி வந்தாள்.

தவராசா ஒரு துண்டைக் கடித்தார். இலைத் தேத்தண்ணியை உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"இப்ப இது தேத்தண்ணி" என்றார்.

அதற்குப் பிறகு மனுசன் சந்திக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதுமட்டுமில்லை, இலைத் தேத்தண்ணியில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. சாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இலை விரிகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பார், நாத்து நிமிருற மாதிரி நிமிருது" என்பார். தூள் தேத்தண்ணி குடிக்கிறவர்களைப் பார்த்து, "நீங்கள் கூட்டி அள்ளின குப்பையைக் குடிக்கிறியள்" என்று புத்தி சொல்வார். வயலில் ஆட்கள், "துரை வாறார், துரையின்ர சருகுத் தண்ணி வருது" என்று சிரித்தார்கள். அவருக்குப் பெருமைதான். பிளாஸ்க்கில் தேத்தண்ணி, மடியில் பனங்கட்டி.

நேசமலர் மட்டும் அதைக் குடித்துப் பார்க்கவில்லை. விலையான சாமான், மனுசனுக்கு இருக்கட்டும் என்று அடுப்படியில் நின்று தூள் தேத்தண்ணியையே குடித்தாள், சீனி போட்டு.

மகள் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். "சீனி ஒரு கரண்டியும் இல்லையே அம்மா?"

"பிள்ளையாராணை இல்லை."

அது பொய் இல்லை. பனங்கட்டியைப் பற்றிச் சொல்லவேணும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கஞ்சிக்கு உப்புப் போட்டதையும் ஆராவது சொல்வார்களா?

கிளினிக்கில் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. ஏறிக்கொண்டு போனது. தாதி கொப்பியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "சீனி போடுறியளோ அம்மா?"

"ஏழு மாதமா ஒரு கரண்டியும் இல்லை, மிஸி. இலைத் தேயிலையெல்லோ குடிக்கிறார்." நேசமலர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். பின்னுக்கு வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப சோத்தைக் குறையுங்கோ."

குறைத்தாள். மூன்று அகப்பைச் சோறு ஒன்றாயிற்று. தவராசா மெலிந்தார். பின்னேரத்தில், "பசிக்குது நேசம்" என்பார். "தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்பாள். சோறு குறைந்த இடத்தைத் தேத்தண்ணி நிரப்பியது. இலைத் தேத்தண்ணி வந்த பிறகு ஆறாகக் குறைந்திருந்த கோப்பை திரும்ப எட்டாயிற்று. ஒவ்வொரு கோப்பையோடும் ஒரு துண்டு. பசியில் இருக்கிற மனுசனுக்கு ஒரு துண்டு கூடக் கொடுத்தால் என்ன என்று, சின்னத் துண்டை வைத்துவிட்டுப் பெரிய துண்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

மாசியில் வெட்டு நடக்கும்போது வயல் கரையில் உடைவேல் முள் ஒன்று தவராசாவின் வலது பாதத்தில் ஏறியது. அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்குள் வந்து நடந்த இடமெல்லாம் சீமெந்து நிலத்தில் இரத்தம் பொட்டுப் பொட்டாகக் கிடந்ததைக் கண்டு நேசமலர்தான் குளறினாள். முள்ளை இழுத்தாள், மஞ்சள் வைத்தாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டினார்கள். இரண்டாம் கிழமை புண்ணில் மணம் வந்தது. மூன்றாம் கிழமை இரண்டு விரல் கறுத்தது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸ் ஆனையிறவைக் கடக்கும்போது தவராசா, "விரலோட போயிடுமோ?" என்று கேட்டார். போகும் என்றாள். போகவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து அவர் முதலில் சொன்னது இதுதான்: "குதிக்கால் கடிக்குது, சொறிஞ்சு விடு." நேசமலர் போர்வைக்கு மேலால் ஒன்றுமில்லாத இடத்தைத் தடவினாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பத்தியம் சொல்லிக்கொடுக்க ஒரு இளம் பிள்ளை வந்தாள். நேசமலரை யன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், காலையில் என்ன, மத்தியானம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். நேசமலர் இலைத் தேத்தண்ணிக் கதையைச் சொன்னாள். தேவாரம் படிக்கிறதையும் சொன்னாள். பிள்ளை சிரித்தாள்.

"நல்லம் அம்மா. வெறும் தேத்தண்ணியோ? ஒண்டும் கடிக்கிறேல்லையோ?"

"பனங்கட்டி மட்டும்தான், மிஸி."

பேனை நின்றது. "நாளுக்கு எவ்வளவு?"

"ஒரு குட்டான் போகும். சிலநேரம் கூடவும்."

அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறதென்று தெரியவில்லை. கொப்பியை மூடினாள், திரும்பத் திறந்தாள். "அம்மா... பனங்கட்டியும் சீனிதான். உடம்புக்குள்ள போனால் ரெண்டும் ஒண்டுதான். உங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லையோ?"

ஒருவரும் சொல்லவில்லை. அவளும் ஒருவரிடமும் கேட்கவில்லை. சீனியை நிப்பாட்டு என்றார்கள். நிப்பாட்டினாள்.

நேசமலர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டுக் கோப்பை, எட்டுத் துண்டு. பத்து மாதம். பளைக்கு எத்தனை தரம் பஸ் ஏறினாள் என்று நினைத்துப் பார்த்தாள். கத்தி பிடித்தது டொக்டர். அந்தக் காலைத் துண்டு துண்டாக வெட்டினது தன் கைதான் என்று அவளுக்கு விளங்கியது.

கட்டிலடிக்குத் திரும்பி வந்தாள். "என்னவாம்?" என்று தவராசா கேட்டார். "சோத்தைக் குறைக்கட்டாம்" என்றாள்.

செவ்வாய் போனது, புதன் போனது. பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவு இஸ்ஸதீன் கிடந்தார். புத்தளத்தில் இருபது வருசம் அகதியாக இருந்து, திரும்பி வந்து பலசரக்குக் கடை போட்டவர். அவருக்கும் சீனி வருத்தம், அவருக்கும் காலில் புண். ஒரு மாதம் பார்ப்போம், ஆறாவிட்டால் எடுக்கவேணும் என்று சொல்லியிருந்தார்கள். மனைவி ஸுஹறா கட்டிலை விட்டு அசையாமல் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை தவராசாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. தலையணையில் சாய்ந்து கதைக்கத் தொடங்கினார்.

"இஸ்ஸதீன், நான் சொல்லுறதைக் கேளும். சீனியை விடும். தூள் தேயிலையையும் விடும். இலைத் தேயிலை வாங்கும். எனக்கு இவ்வளவோட நிண்டது என்ர மனுசியாலதான். இவ இல்லாட்டித் துடையோட போயிருக்கும்."

"அப்பிடியே அண்ணை? வெறும் வாயில எப்பிடிக் குடிக்கிற?"

"அதுக்கொரு வழி இருக்கு. ஒரு துண்டு பனங்கட்டி. மருந்து மாதிரி."

ஸுஹறா நேசமலரின் பக்கம் திரும்பினாள். "எங்கக்கா வாங்குற நல்ல பனங்கட்டி? எங்கட கடையில இருக்கிறது கலப்பு."

நேசமலர் இஸ்ஸதீனின் காலைப் பார்த்தாள். கட்டுத் துணிக்கு வெளியே ஐந்து விரலும் தெரிந்தது. நகம் வெட்டித் துப்புரவாக இருந்தது. ஸுஹறாதான் வெட்டிவிட்டிருக்கவேணும்.

"குடுக்காதேங்கோ தங்கச்சி" என்றாள். "பனங்கட்டியும் சீனிதானாம். ரெண்டும் ஒண்டுதானாம். மிஸி சொன்னவா."

தவராசா கழுத்தைத் திருப்பினார். "எப்ப சொன்னவா?"

"செவ்வாய்க்கிழமை."

"இண்டைக்கு வியாழன்."

அவள் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும்... அப்ப நீதான்..." அவ்வளவோடு நிறுத்தினார்.

"அண்ணை, அல்லாஹ் எழுதினது. அக்கா தெரிஞ்சா செய்தவ?" என்றார் இஸ்ஸதீன். தவராசா கண்ணை மூடிக்கொண்டார். சோறு வந்தபோதும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வயலை இப்போது குத்தகைக்கு இளையதம்பி என்ற ஊர்ப்பெடியன் செய்கிறான். தவராசா விறாந்தையில் கதிரையில் இருக்கிறார். நேசமலர் அதே சாடியில் இலைத் தேத்தண்ணி போட்டு, ஒன்றும் இல்லாமல் கொடுக்கிறாள். வாங்குகிறார், மூன்று மடக்கில் குடிக்கிறார், கோப்பையைக் கீழே வைக்கிறார். நல்லதென்றும் இல்லை, கூடாதென்றும் இல்லை. ஏசினால் நல்லம் என்று அவளுக்குத் தோன்றும். அடித்தாலும் காரியமில்லை. ஒருநாள் சாடியில் மிஞ்சினதைத் தானும் ஊற்றி, சீனி இல்லாமல் குடித்துப் பார்த்தாள். கசப்பில்லை. அவர் முதல்நாள் சொன்னதுதான் சரி. குடித்தோமோ குடிக்கவில்லையோ என்று தெரியாத ஒரு தண்ணி. அதற்குப் பிறகு அவளும் அதையே குடிக்கிறாள். அதால் ஆருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

மற்றக் காலை நாளாந்தம் பார்க்கவேணும், விரலிடுக்கெல்லாம் பார்க்கவேணும் என்று கிளினிக்கில் சொல்லித்தான் விட்டார்கள். தவராசா காட்டமாட்டார். "என்ர காலை நான் பாப்பன்" என்று சாறத்தை இழுத்து மூடிக்கொள்வார். குனிய ஏலாத மனுசன் எப்படிப் பார்ப்பார்?

ஒருநாள் மத்தியானம் கதிரையில் தலை சாய்ந்து நித்திரையாகிவிட்டார். நேசமலர் பக்கத்தில் குந்தி, சாறத்தை மெல்லத் தூக்கி, ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தாள். சின்ன விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, பயறளவு ஒரு வெடிப்பு. உள்ளே சிவப்புத் தெரிந்தது.

"கண்டிட்டியோ?"

அவர் நித்திரையில்லை.

"ஓம்."

"நாலு நாளாக் கிடக்குது."

"ஏனப்பா சொல்லேல்லை?"

தவராசா வயல் பக்கம் பார்த்தார். இளையதம்பியின் மெசின் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

"சொன்னால் இந்த முறை என்ன தருவாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சும்மா, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

நேசமலர் சாறத்தைக் கீழே இழுத்துவிட்டு, ஓட்டோக்காரனுக்குப் போன் எடுக்க எழும்பினாள்.